திரும்பும் வழியை விட்டுக்கொடுத்த சிப்பாய்

அந்தக் காலத்தில் சதுரங்கக் காய்களுக்கும் பேச்சு இருந்தது. சிப்பாய் ஒரு கட்டம் முன்னே போகலாம்; பயமாக இருந்தால் ஒரு கட்டம் பின்னே வரலாம்.

மேல்மடை, கீழ்மடை என்ற இரண்டு ஊருக்கும் ஒரே ஏரி. முதல் தண்ணீர் யாருக்கு என்பதை ஆண்டுதோறும் ஒரு சதுரங்க ஆட்டம் முடிவு செய்யும். பொழுது சாய்வதற்குள் ஆட்டம் முடியாவிட்டால் தண்ணீர் மேல்மடைக்கே. அதனால் மேல்மடைக்கு ஆடிய சேந்தன், சிப்பாய்களை முன்னும் பின்னும் நகர்த்தியே நாளைக் கடத்திவிடுவார். மூன்று வருடமாகக் கீழ்மடையில் நாற்று கருகியது.

நான்காம் வருடம் கீழ்மடைக்கு ஆட வந்தவள் பொன்னரி. வெள்ளைக் காய்கள் அவளுடையவை. ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயின் மேல் விரலை வைத்தவள், நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் தாயி, யோசனை?" என்றது சிப்பாய்.

"நீ நடுவுக்குப் போகிறதுக்குள்ள பாதிப் பொழுது போயிடும். அப்புறம் நான் எங்கே ஜெயிக்கிறது?"

சிப்பாய் நடுவரைப் பார்த்தது. "ஐயா, முதல் தடவை மட்டும் இரண்டு கட்டம் போக விடுங்க. அதுக்குப் பதிலா, திரும்பி வர்ற உரிமையை விட்டுடறேன்."

"எனக்கு ஆபத்து வந்தால்?" என்றார் பின்னால் நின்ற ராஜா.

"முன்னால நின்னு தடுக்கிறேன், ராஜா."

"உனக்கு மட்டும் தனிச் சட்டம் போட முடியாது" என்றார் நடுவர். "எல்லாச் சிப்பாய்க்கும் சம்மதமா?"

சேந்தன் வேகமாகத் தலையாட்டி மறுத்தார். அவருடைய கறுப்புச் சிப்பாய்களோ, "சம்மதம். போறதும் வர்றதுமா எங்களுக்குக் கால் தேஞ்சுபோச்சு" என்றன.

நடுவரும் சரி என்றார். சிப்பாய் இரண்டு கட்டம் தாண்டி நடுவில் நின்றது. ஆட்டம் சூடுபிடித்தது. மதியத்தில் கறுப்புக் குதிரை அதன்மேல் பாயக் குறிவைத்தது. முன்பானால் ஓர் அடி பின்வாங்கித் தப்பியிருக்கும். பொன்னரிக்குக் கண் கலங்கியது.

"என்னைப் பார்க்காதே தாயி, உன் யானையை நகர்த்து" என்றது.

அவள் நகர்த்தினாள். குதிரை சிப்பாயை வெட்டியது. குதிரை விட்டுப்போன கட்டம் வழியே யானைக்கு வழி திறந்தது. வெயில் இருக்கும்போதே கறுப்பு ராஜா சிக்கினார்.

சேந்தன் வெட்டுப்பட்ட சிப்பாயை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "இப்படி ஒருத்தன் என் பக்கம் இல்லை" என்றார். அன்று மாலையே கீழ்மடை வாய்க்காலில் தண்ணீர் ஓடியது.

சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் போவதும், எந்த ஆபத்திலும் பின்னால் திரும்பாததும் அன்று முதல்தான்.