தெற்கு வாசலில் மாற்று கேட்ட ஈட்டி

ரொம்பக் காலத்துக்கு முன்னால் சேலாற்றுச் சீமையை வச்சிரபூபதி என்றொரு ராஜா ஆண்டார். காலையில் சொன்னது மாலையில் அவருக்கு நினைவிருக்காது. 'சண்டையில் நின்றவர்களுக்கே முதலில் அரண்மனை வேலை' என்று மலைக்குடி வீரர்களுக்குக் கொடுத்த வாக்கும் அப்படித்தான் போயிற்று. காவலுக்கு ஆள் எடுத்த வல்லபராயர், தம் மச்சான், மருமகன்களையே நிரப்பிவிட்டார்.

போரில் ஒரு கையை இழந்த மலைக்குடி வீரன் சடையன் வேலை கேட்டு வந்து நின்றான். வீட்டில் பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்லை.

"ஒற்றைக் கையனுக்குக் கோட்டையில் என்னடா வேலை? போய்த் தேன் எடு!" என்று விரட்டினார் ராயர்.

அதற்குப் பிறகுதான் தெற்கு வாசலில் அது தொடங்கியது. உச்சிவேளை, காவல் மாறும் நேரம். ஆளில்லாத இடத்தில் ஈட்டிக்கட்டை தரையை இடிக்கும் சத்தம் கேட்கும். டக். கொஞ்சம் பொறுத்து மறுபடி, டக். சுட்டெரிக்கும் வெயிலில் ஒரு நிழல்கூட விழாது. மருமகன்கள் ஒவ்வொருவராக ஓடிப்போனார்கள். ராயர் மந்திரவாதியைக் கூட்டிவந்தார். சத்தம் இன்னும் பலமாயிற்று.

ராஜாவுக்குக் குளிர்காய்ச்சலே வந்துவிட்டது. "அதை நிறுத்துகிறவனுக்குத்தான் இனி வாசல் காவல்!" என்றார்.

அமைச்சர் நாகப்பிள்ளை சடையனை அழைத்து வந்தார்.

"இவனா? பேயை ஒற்றைக் கையால் அடிப்பானோ?" என்று சிரித்தார் ராயர்.

"அடிக்க எதற்கு, ராயரே? காவல் மாற்றத் தெரிந்தால் போதும்" என்றார் அமைச்சர்.

உச்சிவேளையில் தெற்கு வாசலில் நின்று சடையன் அந்தச் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டான். அவன் முகம் வெளுத்தது. மலை வீரர்களிடம் ஒரு வழக்கம். மாற்றாள் வந்து தன் பெயரைச் சொல்லும்வரை காவல்காரன் இடத்தைவிட்டு நகரமாட்டான். கட்டையை இடித்து மாற்றுக் கேட்பான். ராயரின் உறவினர்கள் யாரும் பெயர் சொல்லிக் காவல் ஏற்றதில்லை. போரின்போது சடையனின் அண்ணன் காவல் நின்றபடியே செத்து விழுந்தது அந்த வாசலில்தான்.

"அண்ணே, மாற்று வந்தாச்சு. சடையன் நிக்கிறேன். நீ வீட்டுக்குப் போ."

சத்தம் நின்றது. காற்றே இல்லை, கோட்டைக் கதவு மெல்லத் திறந்து, மெல்லச் சாத்திக்கொண்டது.

ராஜா சடையனைக் காவல் தலைவனாக்கினார். "ராயரே! மலைக்கு நடந்து போய், வீரர்களை நீரே கைகூப்பி அழைத்து வாரும்!"

எல்லோரும் போனபின் அமைச்சர், சடையனுக்கு வேலை கிடைக்கட்டும் என்று, ஈட்டிக்கட்டையை இடிக்கச் சொல்லி வாசல் மாடத்தில் தாம் ஒளித்துவைத்த வேலைக்காரனைத் தேடிப் பிடித்தார்.

"நன்றாக இடித்தாயடா, மாயாண்டி!"

"நான் எங்கே இடிச்சேன், சாமி? முதல் நாள் மாடம் ஏறினேன். பக்கத்துல யாரோ மூச்சு விட்டாங்க. ஊருக்கு ஓடினவன், இப்பத்தான் திரும்பி வர்றேன்."

 பொழுது சாயும் முன்பே அமைச்சர், மலை வீரர்கள் விழுந்த வாசல் ஒவ்வொன்றுக்கும் அவரவர் வீட்டு ஆளையே காவலுக்கு அழைத்துவர ஆள் அனுப்பினார்.