சிரிக்காத மாப்பிள்ளை

வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவனோடு போய்க் குடியிருக்க விசா கேட்டு வந்தாள் செண்பகவல்லி. விசா அதிகாரி அவளுடைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டினார்.

"ஒரு படத்துலகூட ரெண்டு பேரும் சிரிக்கலையே! இது பொய்க் கல்யாணம். முகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன்."

"ஹோமப் புகையில எப்படி சார் சிரிக்கிறது?"

"சேர்ந்து சிரிச்ச படம் இருந்தாத்தான் விசா."

வெளியே போனவள் போன வேகத்தில் திரும்பி வந்து செல்போனை நீட்டினாள். அதில் அவளும் ஒரு மீசைக்காரரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுதாம்மா அசல் தம்பதி!" என்று அதிகாரி முத்திரையை ஓங்கினார்.

"பொறுங்க சார். இவர் என் வீட்டுக்காரர் இல்லை. தினமும் இந்த ஆபீஸ் வாசல்ல உங்களுக்கு சல்யூட் அடிக்கிற வாட்ச்மேன் அண்ணன். முகத்தைப் பார்த்தே சொல்லிடுவீங்களே?"

அதிகாரி ஆல்பத்தையே ஏற்று விசா கொடுத்தார்.

அன்று மாலை வாசலில் அதிகாரி முதல்தடவையாக வாட்ச்மேனின் முகத்தை உற்றுப் பார்த்தார். அவரோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.