சோறு ஆறுது, அதிகாரி பேசுறார்

மூன்றாம் வகுப்பின் தற்காலிக டீச்சர் பூங்கோதை கரும்பலகை ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். சோதனைக்கு வந்த கல்வி அதிகாரி துரைசிங்கம் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரமாகப் பேசிக்கொண்டே இருந்தார். வெளியே சத்துணவு ஆறிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, சிக்கலைத் தீர்க்கப் பிள்ளைகளுக்குக் கத்துக்கொடுக்கிறியாமே? எல்லாம் வெறும் மனப்பாடம்! யாரும் சொல்லித்தராத ஒரு சிக்கலை இப்பவே தீர்க்கட்டும் பார்ப்போம். இல்லேன்னா நாளையிலிருந்து நீ வேலைக்கு வராதே."

வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. பூங்கோதை கரும்பலகையில் எழுதினாள்: 'பசிக்கிறது. பெரியவர் பேச்சை நிறுத்தவில்லை. அவர் மனம் நோகாமல் எப்படிச் சாப்பிடப் போவது?'

அதிகாரியின் முகம் சிவந்தது. பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது கடைசி வரிசையிலிருந்த மரகதவல்லி எழுந்து நாட்டுப்பண் பாட ஆரம்பித்தாள். வகுப்பே எழுந்து சேர்ந்து பாடியது. அதிகாரியும் விறைப்பாக எழுந்து நின்றார். வேறு வழி?

நாட்டுப்பண் முடிந்தால் கூட்டமும் முடிந்தது என்பதுதானே வழக்கம்! முப்பது வருஷ மனப்பாடம் அவரைக் கும்பிடு போட வைத்து, வாசல்வரை நடத்திக்கொண்டு போனது. பின்னால் தட்டுகள் கலகலத்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

"இதை யார் சொல்லிக்கொடுத்தது?" என்று திரும்பிக் கத்தினார்.

"யாருமே சொல்லித்தரலீங்க ஐயா," என்றாள் பூங்கோதை. "நீங்க கேட்டதும் அதுதானே?"