மடக்கு மேசையும் ஒரு ஸ்டூலும்

நாச்சிமுத்துவுக்குக் குரு கிடைத்தது, பஸ் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான். கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் செல்வநாயகிதான் அந்தக் குரு. வயதில் மிகவும் இளையவர். அதனாலென்ன, வெல்டிங்கும் அரத்தால் இரும்பை ராவும் வேலையும் கற்றுக் கொடுத்தவராயிற்றே என்று நாச்சிமுத்து வாய் நிறைய "வாத்தியாரம்மா" என்பார். செல்வநாயகி பதிலுக்கு "அண்ணா" என்பார்.

கற்ற வித்தையை வீட்டில் காட்ட நாச்சிமுத்துவுக்குக் கிடைத்தது, சமையலறையை ஒட்டிய ஸ்டோர் ரூம். கட்டில் போட்டால் நடக்க இடமிருக்காது. மனிதர் அசரவில்லை. ஆங்கிள் இரும்பில் மேசை செய்து, கீல் வைத்துச் சுவரோடு மடக்கினார். ஒரே பலகையின் ஒரு பக்கம் டிரில்லிங் மெஷினையும் மறுபக்கம் கிரைண்டரையும் பூட்டி, வேண்டியதை மேலே புரட்டிக்கொள்ளும்படி செய்தார். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இடம் மிச்சமானது. மிச்சமான இடத்தில் உடனே இன்னொன்று வந்து உட்கார்ந்தது.

மனைவி மாராத்தாளுக்கு முதலில் சந்தோஷம்தான். காலமெல்லாம் வெளியூர் பஸ் ஓட்டிய மனிதர் கடைசியில் கண்ணெதிரே இருக்கிறாரே. ஸ்டூலைப் போட்டு அறைக்குள்ளேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். நீளக் கம்பி அறுக்கும்போது மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு நாச்சிமுத்து அந்த மறுமுனையைத் தாங்க ஒரு ஸ்டாண்ட் செய்தார். ஸ்டூல் இருந்த இடத்தில் ஸ்டாண்ட் நின்றது. மாராத்தாள் கீரைக் கூடையோடு சமையலறைக்குப் போய்விட்டார்.

அந்த அறைக்கதவு உள்பக்கம் திறப்பது. மேசையை விரித்தால் கதவைத் திறக்க முடியாது என்பது, மேசை செய்து முடித்த பிறகுதான் தெரிந்தது. அதற்கும் வழி கண்டுபிடித்தார். கதவில் ஒரு சதுரம் வெட்டி மூடி போட்டார். அன்றிலிருந்து டீ அது வழியாக வந்தது. இதையும் தன் சாமர்த்தியத்தில் ஒன்றாகத்தான் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார், பாவம்.

இந்த நிலையில் நண்பர் ஒருவர் சின்ன லேத் ஒன்று தருவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வருகிறது. எப்படி அளந்தும் இடம் போதவில்லை. நாச்சிமுத்து குருவை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்.

செல்வநாயகி அறைக்குள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். வெல்டிங் நன்றாக விழுந்திருக்கிறது என்று மனதாரப் பாராட்டினார். நாச்சிமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கதவைச் சாத்தி, மேசையை விரித்து, அதன் ஓரத்தில் இருந்த வைஸ் இடுக்கியில் ஒரு கம்பியைப் பூட்டி, ஸ்டாண்டையும் நிறுத்திக் காட்டினார்.

"எல்லாத்தையும் மடக்கிட்டனுங்க வாத்தியாரம்மா. லேத்து ஒண்ணுக்குத்தான் எடமில்ல. எங்க வெக்கறதுங்க?"

அப்போது கதவின் மூடி திறந்தது. வளையல் போட்ட கை ஒன்று டீ டம்ளரோடு உள்ளே நீண்டது.

செல்வநாயகி டம்ளரை வாங்கவில்லை. குனிந்து அந்த ஓட்டை வழியாகப் பார்த்தார்.

"அக்கா, உள்ள வாங்க."

"வேண்டாங் கண்ணு. மேசைய மடக்கோணும். அவருக்கு வேலை கெட்டுப்போகும்."

அந்தக் குரலில் துளிகூட மனக்குறை இல்லை. அதனாலேயே கேட்கச் சங்கடமாக இருந்தது.

மேசையை மடக்கச் சொன்னார் செல்வநாயகி. நாச்சிமுத்து கம்பியைக் கழற்றி, ஸ்டாண்டை நகர்த்தி, மேசையைச் சுவரோடு சேர்த்து முடிப்பதற்குள் டீயில் ஆடை படிந்துவிட்டது. கதவு திறந்தது. மாராத்தாள் வெளியிலேயே நின்றார், யார் வீட்டிலோ நிற்பது போல.

செல்வநாயகி சுத்தியலை வாங்கினார். கதவுக் கீல்களின் ஊசிகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார். கதவை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் வெளிச்சுவரில் சாய்த்து வைத்தார்.

நாச்சிமுத்து பதறிவிட்டார். "கதவில்லீன்னா சத்தம், இரும்புத்தூளு அத்தனையும் ஊட்டுக்குள்ள வருமுங்களே."

"வரட்டுமுங்கண்ணா."

கூட்டிவிட்டால் போகிறது என்றார் மாராத்தாள், முந்திக்கொண்டு.

அடுத்து அந்த ஸ்டாண்டும் வெளியே போனது. சமையலறையில் அரிசி டின்னைச் சுமந்துகொண்டிருந்த ஸ்டூல் உள்ளே வந்தது. மேசையை மறுபடி விரித்து, கம்பியை வைஸில் பூட்டி, மறுமுனையை மாராத்தாள் கையில் கொடுத்துவிட்டு, செல்வநாயகி அறை வாசலில் சாய்ந்து நின்று ஆறிப்போன டீயைக் குடித்தார்.

நாச்சிமுத்து ரம்பத்தை எடுத்து அறுக்கத் தொடங்கினார். ஸ்டாண்டில் வைத்து அறுத்தபோதெல்லாம் கடைசியில் பிளேடு கம்பிக்குள் சிக்கிக்கொள்ளும். எத்தனையோ தடவை ஸ்டாண்டின் உயரத்தை மாற்றிப் பார்த்திருக்கிறார். இப்போது அறுபடப்போகும் நேரத்தில் மாராத்தாள் மறுமுனையை இம்மியளவு தாழ்த்தினார். வெட்டு வாய் விரிந்து பிளேடு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் மறக்கலையா நீ?"

"நீங்க அறுக்கற சத்தத்துலயே தெரியுதுங்க மாமா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. மாராத்தாளுக்கும் வந்தது. நாச்சிமுத்து அடுத்த கம்பியைப் பூட்டினார், அதற்கடுத்ததையும் பூட்டினார். அத்தனை கம்பி அன்றைக்கு யாருக்கும் தேவைப்படவில்லை. நடுவில் ஏதோ பழைய பஸ் கதை ஒன்று தொடங்கி, தெருக்காரர்கள் யார் யாரோ அதில் வந்து போனார்கள். குரு நிற்பதையே இருவரும் மறந்துவிட்டார்கள்.

செல்வநாயகி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பியபோதுதான் நாச்சிமுத்துவுக்கு நினைவு வந்தது. கையில் ரம்பத்தோடு அறை வாசல்வரை வந்தார்.

"வாத்தியாரம்மா, லேத்த எங்க வெக்கறதுன்னு சொல்லவேயில்லீங்களே?"

செல்வநாயகி அறைக்குள் எட்டிப் பார்த்தார். மாராத்தாள் இன்னொரு கம்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அக்கா உக்காந்திருக்காங்கல்லங்கண்ணா," என்றார் செல்வநாயகி. "அவங்க எந்திரிக்கட்டும், அப்பறம் பாக்கலாமுங்க."