காய்ச்சல் கண்ட கடலடிக் குழாய்

அலைவாய்ப்பட்டிக் கரையில் ஒரு எண்ணெய்க் கம்பெனி இருந்தது. வேறெந்த வேலைக்கும் ஆகாதவர்களைத் தேடிப் பிடித்து அங்கே மேற்பார்வைக்கு வைத்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் குணசீலன். பதவியில்தான் தலை; கழுத்துக்கு மேல் விசேஷமாக ஒன்றும் கிடையாது. அவருக்கு உதவி நல்லபெருமாள். கடலில் மூழ்கிப் பார்த்து வந்து சொல்பவன் தொபியாஸ்.

நடுக்கடல் எண்ணெய்க் கிணற்றிலிருந்து கரைவரை, கடல் தரையில் ஒரு இரும்புக் குழாய் கிடந்தது. இஞ்சினியர் அம்பலவாணன் சென்னைக்குக் கிளம்பும்போது மூவரையும் நிறுத்திச் சொன்னார்.

"குழாய்க்குள்ள சூடும் பிரஷரும் அதிகம். சூட்டுல இரும்பு நீளும். ரெண்டு முனையையும் இறுக்கிப் பிடிச்சிருக்கோம். நீள இடமில்லாம பக்கவாட்டுல வளையும். வளைஞ்சா வளையட்டும். அது மேல மட்டும் கல்லைப் போட்டுடாதீங்க."

அவர் கார் மறைந்ததும் ஆலோசனை தொடங்கியது.

"சூடுன்னா காய்ச்சல்," என்றார் குணசீலன்.

"பிரஷரும் இருக்காம் அண்ணே. எங்க மாமாவுக்கும் இருக்கு. டாக்டர் உப்பே ஆகாதுன்னுட்டார்," என்றார் நல்லபெருமாள்.

மூவரும் கடலைப் பார்த்தார்கள். கண்ணுக்கு எட்டியவரை உப்பு.

அன்றைக்கே ஊருக்கு வந்த குடிநீர் லாரிகளை மறித்துக் கடலில் கொட்டினார்கள். ஊர்ப் பெண்கள் காலிக் குடத்தோடு வந்து கேட்டதற்கு, "நோயாளிக்குக் கொடுத்துட்டோம்," என்றார் குணசீலன்.

மறுநாள் தொபியாஸ் மூழ்கிப் பார்த்துவிட்டு வந்தான். "பாம்பு மாதிரி நெளிஞ்சு கிடக்கு சார்."

"காய்ச்சல் வேகத்துல புரளுது," என்றார் குணசீலன். "ரெண்டு பக்கமும் அண்டை கொடுக்கணும். கல்லைக் கொண்டாங்க."

"இஞ்சினியர் கல்லு கூடாதுன்னாரே அண்ணே?"

"மேல கூடாதுன்னார். பக்கத்துல கூடாதுன்னாரா?"

இப்படி ஒரு மூளையோடு வேலை பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நல்லபெருமாள் கண்கலங்கினார். படகு படகாகப் பாறையைக் கொண்டுபோய் இரண்டு பக்கமும் இறக்கினார்கள். பக்கத்தில் போக வழியில்லாத குழாய் மேலே கிளம்பியது.

"சார், எழுந்து உட்கார்ந்திருக்கு," என்றான் தொபியாஸ்.

நோயாளி எழுந்து உட்கார்ந்த சந்தோஷத்தில் லட்டு வாங்கிப் பங்குபோட்டார்கள். குணசீலன் இஞ்சினியருக்குப் போன் செய்து விவரமாகச் சொன்னார்.

"அது வெடிச்சா இந்தக் கடல்ல ஒரு மீன் மிஞ்சாது," என்றார் அம்பலவாணன், மெதுவாக. "உடனே எண்ணெயை நிறுத்துங்க. நான் வர்றவரைக்கும் எதையும் தொடாதீங்க."

நிறுத்தினார்கள். சூடு ஆறியது. இரும்பு சுருங்கியது. வெடிக்கவிருந்த குழாய் பதவிசாகத் தரையில் படிந்துகொண்டது.

சென்னையிலிருந்து விரைந்து வந்த அம்பலவாணன், கரையில் ஷாமியானாவையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் பார்த்துத் திகைத்தார். குணசீலன் சட்டையில் கறுப்புத் துணி குத்தியிருந்தார்.

"நாங்க தொடல சார். தொபியாஸ் மட்டும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தான். உடம்பு சில்லுன்னு இருக்காம். அசைவில்ல. பிரஷர் சுத்தமா இல்ல."

அம்பலவாணன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். துக்கம் தாளாமல் உட்கார்ந்ததாக நினைத்துக் குணசீலன் அவர் தோளைத் தடவிக்கொடுத்தார்.

"புதைக்கணும்கிறான் தொபியாஸ். எனக்கென்னவோ எரிக்கறதுதான் சரின்னு படுது சார். உள்ளயே எண்ணெய் மிச்சம் இருக்கு. வெளிய வாங்க வேண்டியதில்ல."

நல்லபெருமாள் அதற்குள் மொட்டையடித்துக்கொண்டு, கொள்ளிச்சட்டியோடு படகில் ஏறியிருந்தார்.