மூன்று மாடிக்குள் நான்காவது

ஈரோட்டில் அருணகிரி என்று ஒரு ஜவுளிக்கடை முதலாளி. ஆறடி ஆள். அவர் எதிரே யாரும் நிமிர்ந்து நின்று பேசியதில்லை.

கடையைப் புதுப்பிக்க கம்ப்யூட்டரில் கட்டட மாடல் போட்டுக் கொடுப்பவள் தவமணி. பதினேழு தடவை மாற்றச் சொன்னார், மாற்றினாள். குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டது. பதினெட்டாவதாக வந்தது அந்த உத்தரவு.

"மூணு மாடிய நாலாக்கு அம்மணி. கட்டடம் ஒரு அங்குலம் உயரக் கூடாது."

"உயரம் பத்தாதுங்க."

"கம்ப்யூட்டர்ல முடியாததா? போடு."

அவள் வேலை பார்க்கும் ஆபீஸின் ஆர்க்கிடெக்ட், பக்கத்தில் நின்றவர், தரையைப் பார்த்தபடி தலையாட்டினார். தவமணியும் போட்டாள்.

மறுநாள் பெரிய திரையில் நாலு மாடியும் பளபளவென்று வந்தன. முதலாளி முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. மாடிக்கு மாடி ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் இடுப்பை வளைத்து, கும்பிடு போடுவதுபோல் நின்றார்.

"யாரு அது, குனிஞ்சுட்டு?"

"நீங்கதானுங்க. உங்க உயரத்துக்கே பொம்மை வச்சேன். உத்திரமும் ஏசி குழாயும் போக அஞ்சரை அடிதானுங்க மிச்சம்."

முதலாளி திரையில் மேல் மாடியைத் தொட்டுக் காட்டினார். "என் ரூம் இருக்கற மேல் மாடிய மட்டும் உசத்து. கீழ இருக்கறவங்க குனியட்டும். அவங்களுக்குப் பழக்கந்தான்."

"அதையும் போட்டுப் பாத்துட்டேனுங்க. மேல உசத்துனா கீழ இன்னும் தாழுது. மேல போற படியில நீங்க தவழ்ந்துதான் ஏறோணும்."

"மூணே இருக்கட்டும்," என்றார்.

தவமணி ஒரு மாடியை எடுத்தாள். பொம்மையை நிமிர்த்தி வைத்தாள். அவள் கழுத்துதான் நிமிரவில்லை.