டி போட்ட அண்ணன்

மணியக்காரர் வீரபத்திரன் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். அவர் வாயில் எந்தப் பெண்ணுக்கும் பெயர் கிடையாது, எல்லோரும் "ஏண்டி"தான். வாய்க்கால் மடை அவர் கையில் இருந்ததால் யாரும் மூச்சு விடுவதில்லை.

ஒச்சம்மா மட்டும் ஊர்க்கூட்டத்தில் எழுந்தாள். "மரியாதையாக் கூப்பிடுங்க."

"உன் கூட்டாளி காத்தாயி டி போட்டா இளிக்கிற. நான் போட்டா கசக்குதோ? ஏன் போடக்கூடாதுன்னு சபை ஒத்துக்கிறாப்புல சொல்லுடி. இல்லேன்னா உன் வயலுக்குத் தண்ணி கிடையாது."

ஒச்சம்மா கும்பிட்டாள். "என்னை டி போட்டுக் கூப்பிடுற ஆம்பளை ரெண்டே பேரு. ஒண்ணு புருசன், அந்தா உக்காந்திருக்காரு. இன்னொண்ணு கூடப்பொறந்தவன். அப்ப நீங்க அண்ணன்தானே? அண்ணே, வெள்ளிக்கிழமை என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியிலதான் புள்ள உக்காரணும். தங்கத்தோடு, பட்டு, கிடா, மேளம், எல்லாச் சீரோடயும் வந்துருங்க!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. மணியக்காரர் சீர்ச்செலவை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"யம்மா, மடையைத் திறக்கச் சொல்றேன். போயிட்டு வாங்கம்மா."

அன்று சாயங்காலமே வயலில் தண்ணீர் பாய்ந்தது. வரப்பில் நின்று காத்தாயி கேட்டாள்: "ஏண்டி, நெசமாவே சீரோட வந்து நின்னுட்டா?"

"வந்தா டி போட்டுக்கிட்டுப் போகட்டும்டி!"